ஜார்ஜியா புல்டாக்ஸ் ரன்னிங் பேக்குகள், அன்றும் இன்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த அணியைப் பற்றிய பக்கம் இது?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் நகரில் உள்ள ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியான புல்டாக்ஸைப் பற்றியது. எஸ்.இ.சி. என்று அழைக்கப்படும் தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பில் இந்த அணி ஆடுகிறது. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்குகளை உருவாக்குவதில் பெயர் பெற்ற அணி என்பதால், பழைய ஆட்டக்காரர்களையும் இன்றைய ஆட்டக்காரர்களையும் ஒப்பிடும் விவாதம் ஒவ்வோர் ஆண்டும் பருவம் தொடங்கும்போதே தொடங்கிவிடுகிறது. அந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

ரன்னிங் பேக்கின் ஆட்டத்தை எப்படி அளக்கிறார்கள்?

தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கிடம் இருந்து பந்தை வாங்கி, எதிரணியினர் மடக்கி வீழ்த்தும்வரை முன்னேறுவது ரன்னிங் பேக்கின் முதல் வேலை. அப்படி அவர் கடந்த தூரம் யார்டுகளில் கணக்கிடப்படுகிறது. ஒரு யார்டு மூன்று அடி. பின்னுக்குத் தள்ளப்பட்டால் அந்தத் தூரம் கழிக்கப்படும். எல்லைக் கோட்டைத் தாண்டினால் டச் டவுன், அதற்கு ஆறு புள்ளிகள். பந்தோடு ஒரு முறை புறப்படுவதை ஓர் ஓட்டம் என்று இந்தப் பக்கத்தில் குறிப்பிடுகிறோம்.

ஆகவே இரண்டு எண்கள் முக்கியமானவை. ஒன்று மொத்த யார்டு, மற்றொன்று ஓர் ஓட்டத்துக்குக் கிடைத்த சராசரி யார்டு. கிரிக்கெட்டில் ஒருவர் குவித்த மொத்த ரன்னுக்கும் அவருடைய ஸ்டிரைக் ரேட்டுக்கும் உள்ள வேறுபாடுதான் இது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ரசிகர்களின் சண்டைகளில் பாதி வருகிறது.

பட்டியலில் முதலிடம் யாருக்கு?

ஹெர்ஷல் வாக்கருக்கு. 1980 முதல் 1982 வரையிலான மூன்று பருவங்களில் அவர் 994 ஓட்டங்களில் 5,259 யார்டு ஓடி, 49 டச் டவுன்களை எடுத்தார். பல்கலைக்கழக அளவில் மட்டுமல்ல, எஸ்.இ.சி. கூட்டமைப்பு முழுவதிலும் அதுவே உச்சம். இரண்டாம் இடத்தில் இருக்கும் நிக் சப், 2014 முதல் 2017 வரை நான்கு பருவங்கள் ஆடி 758 ஓட்டங்களில் 4,769 யார்டு எடுத்தார். மூன்றாம் இடம் சப்போடு ஒரே காலத்தில் ஆடிய சோனி மிஷெலுக்கு, 3,600 யார்டுக்குச் சற்று மேல். அடுத்த இடம் டாட் கர்லிக்கு. 2012 முதல் 2014 வரை ஆடிய அவர் 510 ஓட்டங்களில் 3,285 யார்டு எடுத்தார்.

நாற்பது ஆண்டுகள் கடந்த பின்பும் வாக்கரைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

அவர் ஆடத் தொடங்கிய விதமும் ஒரு காரணம். ரைட்ஸ்வில் என்ற சிற்றூரில் இருந்து வந்த அவர், 1980 செப்டம்பரில் டென்னசி அணிக்கு எதிரான தமது முதல் ஆட்டத்தில் தொடக்க அணியில் கூட இல்லை. ஜார்ஜியா 15-2 என்று பின்தங்கியிருந்தபோது களத்தில் இருந்த அந்த முதலாண்டு மாணவர், பந்தோடு நடுவே புகுந்து ஓடினார். எல்லைக் கோட்டுக்குச் சில யார்டு முன்னால் டென்னசியின் தடுப்பாட்டக்காரர் பில் பேட்ஸ் அவரை எதிர்கொண்டார். வழக்கமாக இந்த இடத்தில் ஓடுபவர் இடமோ வலமோ விலகுவார். வாக்கர் விலகவில்லை, தோளைத் தாழ்த்தி நேராக மோதி, பேட்ஸை மல்லாக்கத் தள்ளிவிட்டு, நடை குறையாமல் எல்லையைத் தாண்டினார். அன்று அவர் எடுத்தது 84 யார்டுதான், ஆனால் இரண்டு டச் டவுன்கள். ஜார்ஜியா 16-15 என்று வென்றது. பேட்ஸ் பின்னாளில் டல்லாஸ் கௌபாய்ஸ் என்ற தொழில்முறை அணியில் பல ஆண்டுகள் நன்றாக ஆடியவர். இருந்தும் அவரை இந்த ஒரு கணத்துக்காகவே பலர் நினைவில் வைத்திருப்பது சற்று அநியாயம்தான்.

அந்த ஆண்டு அணி 12 ஆட்டங்களையும் வென்றது. 1981 ஜனவரி 1 அன்று நோட்ர டேம் அணிக்கு எதிராக, பருவ முடிவில் நடந்த சுகர் பவுல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே வாக்கருக்குத் தோள் மூட்டு விலகியது. அதைச் சரிசெய்துகொண்டு திரும்பிய அவர் 36 ஓட்டங்களில் 150 யார்டு எடுத்தார். ஜார்ஜியா எறிந்த பாஸ்களில் அன்று ஒன்றே ஒன்றுதான் சக வீரரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மற்றவர்கள் இழந்த தூரத்தைக் கழித்துப் பார்த்தால் அணி முழுவதும் சேர்ந்து எடுத்த யார்டு, வாக்கர் தனியாக எடுத்ததைவிடக் குறைவு. 17-10 என்ற அந்த வெற்றியோடு தேசியப் பட்டம் ஜார்ஜியாவுக்கு வந்தது. அவர் ஆடிய மூன்று ஆண்டுகளின் வழக்கமான பருவ ஆட்டங்களில் அணி தோற்றது ஒரே ஒரு முறை, 1981இல் கிளெம்சனிடம். 1982இல், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை அவருக்குக் கிடைத்தது.

அப்படியானால் வாக்கரைவிடச் சப் சிறந்தவர் என்று சிலர் சொல்வது எதனால்?

சராசரியைப் பார்த்துச் சொல்கிறார்கள். ஓர் ஓட்டத்துக்கு வாக்கருக்கு 5.29 யார்டு, சப்புக்கு 6.29, கர்லிக்கு 6.44. இந்த எண்களை மட்டும் வைத்தால் வாக்கர் மூன்றாவதாகத்தான் வருவார்.

ஆனால் சராசரி என்பது சுமையோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய எண். 1981இல் 11 ஆட்டங்களில் வாக்கர் 385 முறை பந்தோடு ஓடினார்; அதாவது ஆட்டத்துக்கு 35 முறை. சப்பின் நான்கு ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆட்டத்துக்குச் சுமார் 16 முறைதான் வரும். பந்து யாரிடம் போகப்போகிறது என்பது மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்த நிலையில், பாஸ் ஆட்டத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியிராத எதிரணிகள் எட்டு, ஒன்பது பேரை முன்னால் நிறுத்திக் காத்திருக்க, ஆட்டத்தின் கடைசியான நான்காவது பகுதியில் முப்பதாவது முறையாக அதே ஆள் அதே இடைவெளியை நோக்கி ஓடி எடுத்த ஐந்து யார்டும், முதல் பகுதியில் களைப்பில்லாத கால்களோடு எடுத்த ஐந்து யார்டும் ஏட்டில் ஒன்றாகத்தான் பதிவாகும். வாக்கரின் சொந்தக் கணக்கே இதைக் காட்டுகிறது. 1980இல் 274 ஓட்டங்களில் 5.9 ஆக இருந்த சராசரி, மறு ஆண்டு ஓட்டங்கள் 385 ஆனபோது 4.9 ஆகக் குறைந்தது.

இந்தக் குறிப்பு சப்பைக் குறைத்துச் சொல்வதற்கு அன்று. வாக்கரின் வேலை வேறு, சப்பின் வேலை வேறு. ஒரே சராசரியால் இருவரையும் அளக்க முடியாது என்பதற்கே.

பழைய ஆட்டக்காரர்களின் கணக்கில் பவுல் ஆட்டங்கள் சேருமா?

சேராது. பருவ முடிவில் நடக்கும் பவுல் ஆட்டங்களின் புள்ளிவிவரம், 2002ஆம் ஆண்டுப் பருவம் முதல்தான் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்க்கப்படுகிறது. சுகர் பவுலில் தோள் வலியோடு வாக்கர் எடுத்த அந்த 150 யார்டு 5,259இல் இல்லை.

இதன் விளைவை நன்கு காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 1992இல் கேரிசன் ஹெர்ஸ்ட் 1,547 யார்டு எடுத்தார். 2014இல் நிக் சப் எடுத்ததும் சரியாக அதே 1,547 யார்டு. ஜார்ஜியாவின் ஒரு பருவக் கணக்குப் பட்டியலில் இருவரும் தோளோடு தோள் நிற்கிறார்கள். ஆனால் சப்பின் எண்ணில், லூயிவில் அணிக்கு எதிரான பெல்க் பவுல் ஆட்டத்தில் ஒரே நாளில் எடுத்த 266 யார்டு அடங்கும். ஹெர்ஸ்டின் எண்ணில், ஒஹையோ ஸ்டேட் அணிக்கு எதிரான சிட்ரஸ் பவுலில் எடுத்த 163 யார்டு அடங்காது. பவுல் ஆட்டத்தை இருவருக்கும் சேர்த்தால் ஹெர்ஸ்டுக்கு 1,710. இருவருக்கும் விலக்கினால் சப்புக்கு 1,281.

இதோடு விவாதம் முடிந்துவிடவில்லை. சப் அந்தப் பருவத்தின் முதல் ஐந்து ஆட்டங்களில் கர்லிக்கு அடுத்த நிலையில் இருந்தார். கர்லி தடை செய்யப்பட்ட பிறகு, அக்டோபரில் மிசௌரிக்கு எதிராகத்தான் முதன்முதலாகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி, 38 ஓட்டங்களில் 143 யார்டு எடுத்தார். ஹெர்ஸ்டோ பருவம் முழுவதும் முதன்மை ஆட்டக்காரர். நாட்டின் சிறந்த ரன்னிங் பேக்குக்கான டோக் வாக்கர் விருதையும் வென்றவர். ஒரே எண்ணுக்குப் பின்னால் இப்படி இரண்டு தனித்தனிக் கதைகள் இருக்கின்றன.

டாட் கர்லியை எங்கே வைப்பது?

இயல்பான திறமையை மட்டும் பார்த்தால் மிக உயரத்தில். 2014 ஆகஸ்டில் கிளெம்சனுக்கு எதிரான தொடக்க ஆட்டத்தில் வெறும் 15 ஓட்டங்களில் 198 யார்டு எடுத்தார். அதோடு எதிரணி உதைத்தனுப்பிய கிக்காஃப் பந்தைப் பிடித்து 100 யார்டு ஓடி ஒரு டச் டவுனும் எடுத்தார். நேர்வேகமும், உடற்பலமும், தடை ஓட்டக்காரருக்குரிய கால் லாகவமும் ஒரே ஆளிடம் அமைவது அரிது.

அவருடைய கணக்கு குறைவாக நிற்பதற்குக் காரணங்கள் ஆட்டத்துக்கு வெளியிலும் உண்டு. கையெழுத்திட்டுக் கொடுத்ததற்குப் பணம் பெற்றார் என்பதற்காக 2014இல் நான்கு ஆட்டங்களுக்கு அவர் தடை செய்யப்பட்டார். திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே, ஆபர்னுக்கு எதிராக, முழங்கால் தசைநார் கிழிந்து அவருடைய கல்லூரி ஆட்டம் முடிந்தது. 2021 ஜூலை முதல் மாணவ ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் கையெழுத்தையும் வைத்துச் சம்பாதிக்க விதிகள் இடம் கொடுக்கின்றன. ஏழு ஆண்டுகள் பின்னால் பிறந்திருந்தால் அதே செயலுக்காக அவருக்குத் தடை வந்திராது. இதை நினைத்து வருந்தாத ஜார்ஜியா ரசிகர் அரிது.

வாக்கருக்கு முன்னால் பெரியவர்கள் எவரும் இல்லையா?

இருந்தார்கள், ஆனால் அவர்களை யார்டுக் கணக்கால் ஒப்பிடுவது பயனற்றது. ஃபிராங்க் சிங்க்விச் 1942இல் ஹைஸ்மன் கோப்பையை வென்றவர். 1941இல் தாடை உடைந்த நிலையில், அதற்கென்று செய்த கவசத்தை அணிந்து ஆடி, 1,103 யார்டோடு நாட்டிலேயே முதலிடம் பிடித்தார். அந்தக் காலத்து ஹாஃப்பேக் ஓடுவதோடு பாஸும் எறிய வேண்டும். 1942இல் அவருடைய ஓட்டமும் பாஸும் சேர்ந்து 2,187 யார்டு வந்தது. முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடக்கூடாது என்ற விதி 1972 வரை நீடித்ததால், அவருக்குக் கிடைத்தவை மூன்று பருவங்கள் மட்டுமே. அவரோடு ஆடிய சார்லி டிரிப்பிக்கு உலகப் போர் இடையில் குறுக்கிட்டது. 1945இல் திரும்பி வந்து, மறு ஆண்டு ஹைஸ்மன் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பெற்றார்.

தெரன் சாப்பின் கதை இன்னும் சுவையானது. 1949 முதல் 1956 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் ஜார்ஜியா, தன் உள்ளூர்ப் பகையாளியான ஜார்ஜியா டெக்கிடம் தோற்றுக்கொண்டே இருந்தது. 1957இல் சாப் ஒரு யார்டு தூரத்தில் இருந்து முட்டி மோதி எடுத்த ஒரே டச் டவுனால் 7-0 என்று அந்தச் சாபம் நீங்கியது. புல்டாக்ஸ் அணி நிரந்தரமாக ஓய்வளித்த சட்டை எண்கள் நான்குதான்: சிங்க்விச்சின் 21, வாக்கரின் 34, டிரிப்பியின் 62, சாப்பின் 40. சப்புக்கும் கர்லிக்கும் கிடைக்காத இந்தப் பெருமை, ஒரு யார்டு ஓட்டத்துக்காகச் சாப்புக்குக் கிடைத்தது. பகை அணியை வெல்வதன் மதிப்பு தமக்கு எவ்வளவு என்பதை ஜார்ஜியாக்காரர்கள் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

சப்பும் மிஷெலும் இணைந்து ஆடியது ஏன் திருப்புமுனையாகக் கருதப்படுகிறது?

ஒருவரே எல்லாப் பாரத்தையும் சுமக்க வேண்டியதில்லை என்பதை அவர்கள் மெய்ப்பித்தார்கள். 2015 அக்டோபரில் அலபாமாவுக்கு எதிராகச் சப் தொடர்ச்சியாகப் பதின்மூன்றாவது முறை 100 யார்டைக் கடந்து, வாக்கரின் சாதனையைச் சமன் செய்தார். அடுத்த வாரம் டென்னசியில், முதல் ஓட்டத்திலேயே இடது முழங்கால் மடிந்து பல தசைநார்கள் கிழிந்தன. அன்று இடத்தை நிரப்பியவர் மிஷெல். குணமடைந்து திரும்பிய பிறகும் சப் பாரத்தைப் பகிர்ந்துகொண்டார். இருவரும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாமல் நான்காம் ஆண்டுக்குத் தங்கினார்கள்.

அந்தக் கூட்டணியின் முழு வலிமையும் 2018 ஜனவரி 1 அன்று, ஓக்லஹோமாவுக்கு எதிரான ரோஸ் பவுலில் தெரிந்தது. மிஷெல் 11 ஓட்டங்களில் 181 யார்டும், சப் 14 ஓட்டங்களில் 145 யார்டும் எடுத்தார்கள். நான்காவது பகுதியில் மிஷெல் பந்தைக் கைநழுவ விட, எதிரணி அதை எடுத்துக்கொண்டு ஓடி டச் டவுன் அடித்தது. 55 வினாடிகள் மீதமிருந்தபோது இரண்டு யார்டு ஓடி ஆட்டத்தைச் சமன் செய்தவர் சப். இரண்டாவது கூடுதல் நேரத்தில், குவார்ட்டர்பேக் வழியாக அன்றி நேரடியாகப் பந்தை வாங்கி, இடப்புறமாக 27 யார்டு ஓடி 54-48 என்று ஆட்டத்தை முடித்தவர், பந்தை நழுவவிட்ட அதே மிஷெல்.

2019க்குப் பிறகு ஆயிரம் யார்டு எடுத்தவர் எவரும் இல்லை என்பது உண்மையா?

2024 பருவம் வரையிலான கணக்கில் உண்மை. டி'ஆண்ட்ரே ஸ்விஃப்ட் 2018இல் 1,049, 2019இல் 1,218 யார்டு எடுத்தார். அதற்குப் பின் 2021இல் தேசியப் பட்டம் வென்ற அணியில் சமீர் வைட் 856, ஜேம்ஸ் குக் 728. 2022இல் மீண்டும் பட்டம் வென்றபோது கென்னி மெக்கின்டாஷ் 829. 2024இல் முதலிடத்தில் இருந்த முதலாண்டு மாணவர் நேட் ஃபிரேசியர் 671.

அப்படியானால் இன்றைய ஆட்டக்காரர்கள் தரத்தில் குறைந்தவர்களா?

இல்லை. பயிற்சியாளர் கர்பி ஸ்மார்ட் வேண்டுமென்றே பகிர்ந்தளிக்கிறார். வாக்கர் காலத்துப் பயிற்சியாளர் வின்ஸ் டூலியின் அணியில் குவார்ட்டர்பேக்குக்கு நேர் பின்னால் ஃபுல்பேக், அவருக்குப் பின்னால் வாக்கர் என்று ஒரே கோட்டில் நின்று, முன்னவர் வழி திறக்கப் பின்னவர் ஓடுவார். எல்லாம் ஓர் ஆளுக்காக அமைந்த ஏற்பாடு. இன்று மூன்று, நான்கு பேர் மாறி மாறி வருகிறார்கள். பருவம் 11 ஆட்டங்களில் முடிந்த காலம் போய், பட்டம் வென்ற 2021, 2022 பருவங்களில் 15 ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. தேர்ந்த இளைஞர்கள் பலரை ஒரே அணியில் தக்கவைக்க வேண்டும். வாய்ப்புக் கிடைக்காதவர் எளிதில் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிவிடலாம் என்ற நிலையும் உண்டு.

வேலையும் மாறிவிட்டது. மெக்கின்டாஷ் 2022இல் ஒரே பருவத்தில் 43 பாஸ்களைப் பிடித்து 500 யார்டுக்கு மேல் எடுத்தார். வாக்கர் மூன்று ஆண்டுகளிலும் சேர்த்துப் பிடித்தவை 26. குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்பவரைத் தடுத்து நிறுத்தத் தெரியாத ரன்னிங் பேக்குக்கு, எவ்வளவு வேகம் இருந்தாலும், இன்று பெரும்பாலும் பாஸ் எறியப்படும் மூன்றாவது முயற்சியில் (பத்து யார்டு முன்னேற அணிக்குக் கிடைப்பவை நான்கு முயற்சிகள்) களத்தில் இடமில்லை. இந்த உழைப்பு யார்டுப் பட்டியலில் தெரிவதே இல்லை.

தொழில்முறை ஆட்டத்தில் பெற்ற வெற்றியை வைத்துத் தரம் பிரிக்கலாமா?

கூடாது என்பதற்கு டெரல் டேவிஸ் ஒருவரே போதும். ஜார்ஜியாவில் ஹெர்ஸ்டின் நிழலில் தொடங்கி, காயங்களால் தடுமாறி, 1995இல் தொழில்முறை அணிகள் நடத்தும் ஆட்டக்காரர் தேர்வில் ஆறாவது சுற்றில்தான் தேர்வானார். டென்வர் அணிக்காக 1998இல் 2,008 யார்டு ஓடி, பின்னாளில் புகழ் மண்டபத்திலும் இடம் பெற்றார். கல்லூரிக் கணக்கில் அவர் முன்வரிசையில் இல்லை. ஒரு சிறு செய்தி: 2019 பிப்ரவரியில் நடந்த, தொழில்முறை ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் ஒரு பக்கம் கர்லியும் மறு பக்கம் மிஷெலும் ஆடினார்கள், அந்த ஆட்டத்தின் ஒரே டச் டவுனை எடுத்தவர் மிஷெல்.

இந்தப் பக்கத்தை எழுதியவரின் வரிசை என்ன?

வாக்கர், சப், ஹெர்ஸ்ட், கர்லி, மிஷெல். சிங்க்விச்சையும் டிரிப்பியையும் இந்த வரிசைக்கு வெளியே, தனி மரியாதையோடு வைக்கிறேன். ஒரே ஓர் ஓட்டத்துக்கு ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கர்லி. ஒரு பருவம் முழுவதையும் ஒப்படைக்கச் சொன்னால் வாக்கர். ஹெர்ஸ்டை மூன்றாவதாக வைப்பதைப் பலர் ஏற்கமாட்டார்கள். பவுல் ஆட்டம் சேராத அவருடைய 1992ஐ மறந்துவிட்டுப் பேசுகிறார்கள் என்பதே என் பதில்.

5,259 யார்டு என்ற சாதனையை இனி ஜார்ஜியாவில் எவரும் முறியடிப்பார்களா?

இன்றைய முறை நீடித்தால் முடியாது. பட்டம் வென்ற 2021 அணியில் சமீர் வைட்டுக்குக் கிடைத்தவை 160 ஓட்டங்கள். அதே அளவில் நான்கு பருவங்கள் ஒருவர் காயமின்றி ஆடினாலும் 640 ஓட்டங்கள்தான் வரும். அவற்றில் 5,259 யார்டை எட்ட, ஓர் ஓட்டத்துக்கு 8.2 யார்டுக்கு மேல் தேவை. கர்லிக்கே 6.44தான் வந்தது.